1936 ஆகஸ்ட் 15: ரெண்டு டீமிலும் கோபாலன் இல்லை

ஆகஸ்ட் 15 என்றதும் நம்ம எல்லாருக்கும் 1947தான் ஞாபகம் வரும். இந்தக் கட்டுரைக்காக நீங்க இன்னும் 11 வருஷம் பின்னாடி வரணும். 1936 ஆகஸ்ட் 15, சனிக்கிழமை. அன்னைக்கு ஐரோப்பாவில் ஒரே நாளில் ரெண்டு இந்திய டீம்கள் மைதானத்தில் இறங்கின. பெர்லினில் ஒலிம்பிக் ஹாக்கி ஃபைனல். தியான் சந்த் தலைமையில் இந்தியா ஜெர்மனியை 8-1 என்று அடித்துத் தங்கம் வாங்கியது. லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிரான மூன்றாவது டெஸ்ட் அதே நாளில் தொடங்கியது.

இந்த ரெண்டு டீமிலும் ஆடியிருக்கக்கூடிய ஒருத்தர் இருந்தார். ஹாக்கியில் முந்தின வருஷம்தான் தியான் சந்தோடு சேர்ந்து இந்தியாவுக்கு ஆடியவர். கிரிக்கெட்டில் ஏற்கெனவே டெஸ்ட் ஆடியவர், அந்த இங்கிலாந்து டூருக்கே தேர்வாகிக் கப்பலேறியவர். ஆனா அன்னைக்கு ரெண்டு பதினொருவரிலும் அவர் பேர் இல்லை. அவர்தான் எம்.ஜே. கோபாலன். அந்த 'எம்' என்பது மொறப்பாக்கம். ஆமா, நம்ம செங்கல்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கம்.

ஈ.சி.ஆர். பஸ்ஸில் புதுச்சேரி பக்கம் போனவங்களுக்குக் கடப்பாக்கம் தெரிஞ்சிருக்கும். ஆலம்பரைக் கோட்டைக்கு இறங்குற ஸ்டாப். அந்த ஊரும் கோபாலன் பிறந்த ஊரும் ஒரே மாவட்டம்தான். ஆனா கடப்பாக்கம் கடற்கரையில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுற பசங்ககிட்ட கேட்டுப் பாருங்க. தோனி ராஞ்சியிலிருந்து வந்தவர்னு சொல்லுவாங்க. நம்ம மாவட்டத்திலிருந்தே ஒருத்தர் கிரிக்கெட், ஹாக்கி ரெண்டிலும் இந்தியாவுக்கு ஆடினார் என்பது அவங்களுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாதுன்னா, அதில் தப்பில்லை. நம்ம பாடப்புத்தகத்தில் அவர் வந்ததில்லை.

கோபாலன் பிறந்தது 1909 ஜூன் 6. சின்ன வயசிலேயே குடும்பம் மெட்ராஸுக்கு, திருவல்லிக்கேணிக்குக் குடிவந்தது. அங்கிருந்து சேப்பாக்கம் மைதானம் நடக்கிற தூரம்தான். ஆனா அந்த மைதானம் அப்போ இருந்த நிலையைத் தெரிஞ்சுக்கிட்டாதான் கோபாலன் கதை முழுசாப் புரியும்.

சேப்பாக்கம் அப்போ மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்போட இடம். அந்த கிளப் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஆட வந்த இந்திய வீரர்களுக்கு பெவிலியனில் இடம் கிடையாது, மரத்தடியில்தான் உட்கார்ந்து சாப்பிடணும். இதைப் பார்த்துக் கொதித்துப் போனவர் மயிலாப்பூர் லஸ் பகுதியில் வாழ்ந்த புச்சிபாபு நாயுடு. 1888இல் இந்தியர்களுக்காகவே மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். வசதியில்லாத பசங்களுக்கு மட்டை, உடை எல்லாம் தன் கைக்காசில் வாங்கிக் கொடுத்தார். இன்னைக்கும் நடக்கிற புச்சிபாபு டோர்னமென்ட் அவர் பேரில்தான். வெள்ளைக்காரர்களும் இந்தியர்களும் ஒரே மைதானத்தில் சமமா மோதணும் என்று ஆசைப்பட்டு ஏற்பாடு செய்தவர், 1908இல் இறந்துவிட்டார். அவர் ஆசைப்பட்ட அந்த ஆட்டம்தான் பின்னாடி பிரசிடென்சி மேட்ச் ஆனது. 1915இல் ஆரம்பித்து ஏறக்குறைய ஒவ்வொரு பொங்கலுக்கும் மெட்ராஸே சேப்பாக்கத்தில் கூடும்.

கோபாலன் பந்து வீச ஆரம்பிச்சப்போ இந்தக் கதவு பாதி திறந்திருந்தது. அவருடைய வேகப்பந்தைக் கவனித்தவர் சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். கேம்பிரிட்ஜுக்கும் கென்ட் கவுண்டிக்கும் ஆடிவிட்டு, பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனி வேலையாக மெட்ராஸ் வந்தவர். மெட்ராஸ் கிரிக்கெட்டை வளர்த்தவர்களில் முக்கியமானவர். அவர் கோபாலனுக்கு பர்மா ஷெல்லில் வேலை வாங்கிக் கொடுத்தார்.

இந்த ஒரு வரியைச் சாதாரணமாத் தாண்டிடாதீங்க. அந்தக் காலத்தில் கிரிக்கெட்டில் சம்பளம் கிடையாது. ராஜாக்களும் பணக்காரர்களும் பொழுதுபோக்குக்கு ஆடலாம். மாசச் சம்பளத்தை நம்பி வாழ்கிற வீட்டுப் பையன் ஆடணும்னா, மைதானத்துக்கு அனுப்பிவிட்டுச் சம்பளமும் கொடுக்கிற ஒரு கம்பெனி வேணும். கோபாலனுக்கு அது கிடைத்தது. கிடைத்ததால்தான் நமக்கு இன்னைக்குச் சொல்ல ஒரு கதை இருக்கு.

1934இல் அவர் வாழ்க்கையில் ரெண்டு சம்பவம். ஜனவரியில் கல்கத்தாவில் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்துக்கு எதிரா டெஸ்ட்டில் இறங்கினார். ஒரு விக்கெட் எடுத்தார். அடுத்த டெஸ்ட் பிப்ரவரியில், அவருடைய சொந்த மைதானமான சேப்பாக்கத்தில். சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்ட்டே அதுதான். அந்த டீமில் கோபாலன் இல்லை. அதுக்கப்புறம் டெஸ்ட்டே அவருக்கு வாய்க்கவில்லை.

ரெண்டாவது சம்பவம் நவம்பர் 4. ரஞ்சி டிராபி என்ற போட்டியின் முதல் ஆட்டம், மெட்ராஸுக்கும் மைசூருக்கும், சேப்பாக்கத்தில். ரஞ்சி வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் கோபாலன். எதிரில் நின்றவர் மைசூரின் கர்ட்டிஸ். ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுக்க, மைசூர் 48க்கும் 59க்கும் சுருண்டது. ஒரே நாளில் மேட்ச் முடிந்தது. இன்னைக்கு ரஞ்சியில் ஆடுற ஒவ்வொரு பையனுக்கும் முன்னாடி வரிசையில் முதலாவதா நிற்பது ஒரு செங்கல்பட்டுக்காரர்.

ஹாக்கியிலும் அவர் குறைஞ்சவர் இல்லை. 1935இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து போன இந்திய டீமில் கோபாலன் இருந்தார். அந்தப் பயணத்தில் இந்தியா 48 ஆட்டம் ஆடி 48ஐயும் ஜெயித்தது. அடித்த கோல் 584, அதில் தியான் சந்த் மட்டும் 201. அந்த அளவுக்கு உலகத்திலேயே எதிரி இல்லாத ஒரு டீம். அடுத்த வருஷம் பெர்லின் ஒலிம்பிக். அந்த டீமில் இடம் கிடைத்தால் தங்கம் கிட்டத்தட்ட உறுதி என்று ஊருக்கே தெரியும்.

அதே வருஷம், அதே மாதங்களில், கிரிக்கெட் டீமும் இங்கிலாந்து போகுது. ரெண்டு டீமும் கூப்பிடுது, ஒண்ணுக்குத்தான் போக முடியும். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

பிளேஸ்மென்ட் சீசனில் ரெண்டு ஆஃபரை வெச்சுக்கிட்டு ராத்திரி தூங்காம இருந்தவங்களுக்கு இது புரியும். தப்பான முடிவுன்னு இன்னைக்கு நம்ம ஈஸியாச் சொல்லிடலாம். முடிவெடுத்தவருக்குக் கண்ணுக்குத் தெரிஞ்சது இங்கிலாந்து டூர், மூணு டெஸ்ட், ஒரு வேகப்பந்து வீச்சாளருக்குச் சாதகமான ஈரமான ஆடுகளங்கள். அந்த டீமை யார் நடத்தப் போறாங்க, எப்படி நடத்தப் போறாங்க என்பது அவர் கையில் இல்லை.

அந்த டீமோட கேப்டன் விஜயநகரம் மகாராஜ்குமார். எல்லாரும் விஸ்ஸி என்பார்கள். 1930இல் ஜாக் ஹாப்ஸ், சட்கிளிஃப் மாதிரி பெரிய வீரர்களையே சொந்தச் செலவில் இந்தியாவுக்கு வரவழைத்து ஆடவைத்தவர். பணம் இருந்தது, செல்வாக்கு இருந்தது. ஆட்டம் மட்டும் பத்தவில்லை. மூணு டெஸ்ட்டிலும் சேர்த்து அவர் எடுத்தது 33 ரன். ஆனா யார் ஆடணும், யார் எப்போ இறங்கணும் என்று முடிவு செய்வது அவர்தான். அவரோட இங்கிலாந்துக்கு வந்த மேனேஜர், மேஜர் பிரிட்டன் ஜோன்ஸ், அவர் பக்கம்தான். ஒரு வீரருக்குக் குறை இருந்தால் போய்ச் சொல்ல மூணாவது கதவு கிடையாது.

இதில் முதலில் அடிபட்டவர் லாலா அமர்நாத். வயசு 24. 1933 டிசம்பரில் இந்தியாவுக்காக முதல் டெஸ்ட் சதம் அடித்தவர். இந்த டூரிலும் எசெக்ஸுக்கு எதிராக ரெண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்திருந்தார். லார்ட்ஸில் ஒரு மேட்ச். பேட் கட்டிக்கிட்டு ரெடியா உட்கார வெச்சுட்டு, அவரைத் தாண்டித் தாண்டி மத்தவங்களை அனுப்பினாங்க. கடைசியில் நாள் முடியப் போற நேரத்தில் இறக்கினாங்க. திரும்பி வந்தவர் கோபத்தில் பேடைக் கழட்டி எறிஞ்சு பஞ்சாபியில் திட்டினார். அவ்வளவுதான். முதல் டெஸ்ட் தொடங்குறதுக்கு முன்னாடியே கப்பலேத்தி ஊருக்கு அனுப்பிட்டாங்க. தண்டனை கொடுத்தவங்களும் விசாரிச்சவங்களும் ஒரே ஆட்கள்.

பிற்பாடு பம்பாய் தலைமை நீதிபதி சர் ஜான் பியூமான்ட் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். 1937இல் அறிக்கை வந்தது. அமர்நாத் மேல் பெரிய குற்றம் இல்லை, விஸ்ஸியின் தலைமைதான் மோசம் என்று அது முடிவுக்கு வந்தது. நியாயம் கிடைத்தது, ஆனா டெஸ்ட் திரும்பக் கிடைக்கவில்லை. நடுவில் உலகப் போர். இந்தியா அடுத்த டெஸ்ட் ஆடியது 1946இல். அமர்நாத்துக்கு 24 வயசில் போன கிரிக்கெட் 34 வயசில்தான் திரும்பி வந்தது.

இப்போ ஓவல் டெஸ்ட்டுக்கு வாங்க. கோபாலன் மாதிரியே ஓடிவந்து பந்து வீசுற பாக்கா ஜிலானி என்பவர் அன்னைக்குத்தான் டெஸ்ட்டில் முதல்முறையா இறங்கினார். காலைச் சாப்பாட்டு மேஜையில், விஸ்ஸிக்குப் பிடிக்காத சீனியர் சி.கே. நாயுடுவை எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்தியதற்குப் பரிசாத்தான் அந்த இடம் கிடைத்தது என்று ஒரு கதை அந்த டீமிலிருந்தே கிளம்பி இன்று வரைக்கும் நிற்குது. கதை உண்மையோ பொய்யோ, ஜிலானியும் திறமைசாலிதான். ரஞ்சியில் முதல் ஹாட்ரிக் எடுத்தவரே அவர்தான். தகுதியால்கூட அவர் தேர்வாகியிருக்கலாம். ஆனா எந்தக் காரணத்துக்காக யார் தேர்வாகிறார்கள் என்பது வெளியே தெரியாத ஒரு டீமில், தகுதியோட வந்தவன் மேலயும் அந்தக் கறை ஒட்டிக்குது. ஜிலானி 1941இல், முப்பது வயசுகூட ஆகாமல் இறந்துவிட்டார். கறை மட்டும் இன்னும் இருக்கு.

கோபாலன் அந்த டூரின் மூணு டெஸ்ட்டில் ஒன்றில்கூட ஆடவில்லை. அதே ஓவல் டெஸ்ட்டில் மெட்ராஸ்காரர் ஒருத்தர் ஆடினார். புச்சிபாபுவின் மகன் கோட்டா ராமசாமி. டென்னிஸில் டேவிஸ் கோப்பை ஆடிவிட்டு, 40 வயசில் அந்த டூரில்தான் டெஸ்ட்டுக்கு வந்தவர். நல்லாவும் ஆடினார். மரத்தடியில் சாப்பிட்டவர்களுக்காகக் கிளப் தொடங்கிய அப்பாவின் மகன் ஓவலில் மட்டை பிடிச்சது ஒரு சந்தோஷம். ஒலிம்பிக் வாய்ப்பை விட்டுட்டு வந்த கோபாலனுக்கு அங்கே இடமில்லாமல் போனது ஒரு வருத்தம். ரெண்டும் ஒரே நாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சேர்த்துப் பாருங்க. ஜான்ஸ்டன் என்ற ஒரு மனுஷனுடைய நல்ல மனசால் கோபாலன் மேலே வந்தார். விஸ்ஸி என்ற ஒரு மனுஷனுடைய மனநிலை 1936 டீமைச் சிதைத்தது. ஒருத்தர் நல்லவர், இன்னொருத்தர் அப்படியில்லை. ஆனா அமைப்பு ரெண்டு இடத்திலும் ஒண்ணுதான்: ஆடுறவனோட எதிர்காலம் ஒரே ஒரு பெரிய மனுஷன் கையில். ஜான்ஸ்டன் மாதிரி ஆள் வந்தா அதிர்ஷ்டம், விஸ்ஸி மாதிரி ஆள் வந்தா துரதிர்ஷ்டம். 27 வயசு கோபாலனுக்கும் 24 வயசு அமர்நாத்துக்குமே இந்த கதின்னா, 12 வயசில் அகாடமி ஹாஸ்டலில் சேரும் ஒரு குழந்தை என்ன பண்ணும்?

அந்தக் குழந்தைக்கு ஆபத்து பெஞ்சில் உட்கார வைக்கிறதோட நிக்காது. 2021இல் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர், அவரிடம் பயிற்சி எடுத்த பெண்கள் கொடுத்த பாலியல் புகாரில் போக்சோ சட்டத்தில் கைதானார். செய்தி வந்தப்போ நிறைய பேர் கேட்ட கேள்வி, ஏன் அப்பவே சொல்லலைன்னு. கோபாலன் காலத்து டீமைப் பார்த்தவங்க அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டாங்க. செலக்ஷன், ஸ்பைக்ஸ் ஷூ, ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட், எல்லாம் ஒரே ஆள் கையில் இருந்தா, அந்த ஆளைப் பத்தி யார்கிட்ட போய்ச் சொல்றது?

கோபாலன் காலத்தில் இல்லாத சில கதவுகள் இன்னைக்கு இருக்கு. 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி, 18 வயசுக்குக் கீழே இருக்கிற ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்த யாரும் போலீஸில் சொல்லியே ஆகணும். தெரிஞ்சும் மறைச்சா அதுவே குற்றம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பெண்களுக்கான 2013ஆம் வருஷத்துப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், ஸ்டேடியத்தையும் பயிற்சி மையத்தையும்கூடப் பணியிடம் என்று சேர்த்திருக்கு. 2025இல் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டமும் வந்திருக்கு.

ஆனா கோபாலனுக்கு நடந்தது எந்தச் சட்டப் புத்தகத்திலும் குற்றமா வராது. கூட்டிட்டுப் போய் ஆடவிடாமல் உட்கார வைக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ரெண்டு விளையாட்டுக்கு ஒரே தேதியில் கேம்ப் போட்டு, நீயே முடிவு பண்ணிக்கோன்னு விட்டுடலாம். இன்னைக்கும் ஜோனல் கபடியும் ஸ்கூல் கிரிக்கெட் செலக்ஷனும் ஒரே நாளில் வந்து மாட்டிக்கிற பசங்க இருக்காங்க. முட்டி வீங்கியிருக்கிற பையனை ஃபைனலுக்கு இறக்குறதும், தோத்ததுக்கு ஒரு பொண்ணை எல்லார் முன்னாடியும் அசிங்கமாத் திட்டுறதும் தினமும் நடக்குது. இதையெல்லாம் தடுக்கப் போறது டீமை நடத்துறவங்க வெச்சுக்கிற சின்னச் சின்ன விதிகள்தான்.

கோபாலன் கதைக்கு ஒரு பின்பகுதி இருக்கு. அவர் கசந்துபோய் ஒதுங்கிடல. 1936க்கு அப்புறமும் மெட்ராஸுக்காக வருஷக்கணக்கில் ஆடினார். 1953இல் மெட்ராஸும் இலங்கையும் மோதும் ஒரு போட்டி தொடங்கினப்போ, அவருடைய நீண்ட கிரிக்கெட் வாழ்க்கையைக் கௌரவித்து அதுக்கு கோபாலன் டிராபி என்றே பேர் வெச்சாங்க. இலங்கைக்கு டெஸ்ட் தகுதி வர்றதுக்கு ரொம்ப முன்னாடி, அந்த ஊர்ப் பசங்களுக்குப் பெரிய ஆட்டம் ஆடக் கிடைத்த மேடைகளில் அது ஒண்ணு. 1950களில் அவர் தேசியத் தேர்வாளரும் ஆனார். ஒரு காலத்தில் பட்டியலில் தன் பேர் வருமான்னு காத்திருந்தவர், பட்டியல் எழுதுற மேஜைக்கு வந்தார். 2003 டிசம்பர் 21ஆம் தேதி சென்னையில் 94 வயசில் இறந்தபோது, உலகத்தில் உயிரோடு இருந்த டெஸ்ட் வீரர்களிலேயே மூத்தவர் அவர்தான். இதைப் படிக்கிற நிறைய பேர் அந்த வருஷத்துக்கு அப்புறம் பிறந்தவங்க.

இதை எதுக்கு ஒரு இன்ஜினியரிங் காலேஜ் மேகசினில் எழுதணும்? ஏன்னா அந்த மேஜைக்கு நீங்களும் வரப்போறீங்க. இப்பவே சிலபேர் டிபார்ட்மென்ட் டீம் கேப்டன். சிலபேர் லீவுக்கு ஊருக்குப் போனா தெருப் பசங்களுக்கு கோச். பொங்கலுக்கு ஊரில் டோர்னமென்ட் நடத்துறது நம்ம வயசு ஆட்கள்தான். அண்ணான்னு பின்னாடி ஓடிவர்ற பன்னிரண்டு வயசுப் பையனுக்கு நீங்கதான் ஜான்ஸ்டன், நீங்கதான் விஸ்ஸி. எதுவா இருக்கப்போறீங்க என்பதை உங்க அன்னன்னைக்கு மூடு தீர்மானிக்கக் கூடாது.

அதனால செய்யக்கூடியதைச் சொல்றேன். டீமை ஒருத்தரே எடுக்காதீங்க, மூணு பேர் உட்கார்ந்து எடுங்க. எதைப் பார்த்து எடுக்கிறோம் என்பதை முன்னாடியே எழுதி ஒட்டுங்க. விட்டுப்போன பையன் ஏன்னு கேட்டா, அதைத் திமிர்னு எடுத்துக்காம பதில் சொல்லுங்க. வெளியூருக்குக் கூட்டிட்டுப் போற ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு மேட்சாவது ஆடவைங்க. சின்னப் பிள்ளைகளோட தனியா ஒரு பெரியவர் மட்டும் பயணம் போகக் கூடாது. எப்பவும் ரெண்டு பேர், பொண்ணுங்க இருந்தா அதில் ஒருத்தர் பெண். டீமுக்குச் சம்பந்தமில்லாத ஒருத்தர் நம்பரைப் பசங்ககிட்டக் கொடுத்து வைங்க, உங்களைப் பத்தியே குறை சொல்றதுக்கு.

இன்னொண்ணு. உங்க ஊரில், அது கடப்பாக்கமா இருக்கட்டும் வேற எதுவா இருக்கட்டும், ஓடுற வேகத்தைப் பார்த்துட்டு ஒரு குழந்தையைச் சென்னை அகாடமியில் சேர்த்துக்கிறேன்னு யாராவது வந்தா, அந்த வீட்டில் கேள்வி கேட்கத் தெரிஞ்ச ஆள் பெரும்பாலும் நீங்களா இருப்பீங்க. நல்ல வாய்ப்பாவும் இருக்கலாம், கோபாலனுக்கு வந்த மாதிரி. அதனால விரட்டிடாதீங்க. உட்கார வெச்சுக் கேளுங்க. ஹாஸ்டலில் ராத்திரி யார் பார்த்துப்பாங்க? படிப்பு என்ன ஆகும்? அடிபட்டா வைத்தியச் செலவு யாருது? கோச்சோட பிரச்சினைன்னா பிள்ளை யாருக்கு போன் பண்ணணும்? எப்போ வேணாலும் அம்மா வந்து பார்க்கலாமா? நேர்மையான ஆள் உட்கார்ந்து பொறுமையா பதில் சொல்லுவார். பதில் சொல்லாம எழுந்து போனா, போகட்டும். அந்தப் பிள்ளை கடற்கரையில் இன்னும் ஒரு வருஷம் ஆடட்டும். அடுத்த ஆள் வருவார்.